மருமகக் கோட்டையில் பூக் கேட்டது

12 ஜூன் 2024, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் இந்த ஆண்டும் என் தலையில்தான். முதல் பாடமே உலகப் போர். இந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போகிறவளுக்கு அது ஒன்றும் சிரமமில்லை.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு அவரை டயாலிசிஸுக்குச் சேலம் கூட்டிக்கொண்டு போனேன். காரை இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ‘பிரேக்கு, பிரேக்கு’ என்று சொல்வது மட்டும் அவர் வேலை. ஊசி குத்திக் குத்தி அவருடைய இடது கை நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கிடக்கிறது. குடிக்கிற தண்ணீருக்குக் கூட அளவு. போர் போடுகிற ரிக் வண்டி வைத்து நாடு முழுக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதர், வெள்ளி டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுத்தால் அதையும் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறார்.

டாக்டர் இன்று கூப்பிட்டுப் பேசினார். இனி இப்படியே இழுத்துக்கொண்டு போக முடியாதாம். மாற்றுச் சிறுநீரகம் வைப்பதுதான் வழி, வீட்டில் யார் கொடுப்பீர்கள் என்று பேசி முடிவு செய்யுங்கள் என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது ஆட்டையாம்பட்டியில் நிறுத்தி முறுக்கு வாங்கினேன். என் பிறந்த ஊர். இறங்கி அம்மாவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “நேரமாச்சு போலாம்” என்றார். மல்லசமுத்திரத்தில் வீடு வந்து சேரும்வரை ‘பிரேக்கு’ மட்டும்தான்.


16 ஜூன், ஞாயிறு

இட்லித் தட்டின் முன்னாலேயே பஞ்சாயத்து. எல்லோருடைய ரத்த வகையும் தெரிந்துவிட்டது. அவருக்கு பி. கொழுந்தனார் தீனதயாளனுக்கும் பி. கொழுந்தனார் மனைவி பிரீத்திக்கு ஏ, அது சேராது. அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் அவர்கள் கொடுக்கக் கூடாது. எங்கள் கனிஷ்காவுக்குப் பதினெட்டு ஆகவில்லை, ஆகியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். எனக்கு ஓ. ஓ எல்லோருக்கும் சேருமாம். கொடுப்பதற்கென்றே பிறந்த ரத்தம்.

அத்தை சட்டினியைத் தொட்டுக்கொண்டே சொன்னார்கள். “தீனன் ரிக்கோட வடக்க போறவன். கைக்கொழந்தையாட்டம் ஒரு புள்ளைய வெச்சிருக்கறான். எதுக்கும் ஆடி மூணாம் வெள்ளிக்குக் கோட்டைக்குப் போறமில்ல, அங்க அவனுக்குப் பூக் கேட்டுப் போடலாம். அம்மா என்ன சொல்றாளோ அதான்.”

தீனன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். பிரீத்தி அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

கோட்டை என்றால் பாலிக்கரடு என்ற குன்றின் மேல் இருக்கிற கல்கோட்டை. இவர்களுடைய முன்னோர் கட்டியதாம். மாமனார் இருந்தவரை கல்யாணப் பத்திரிகையில் கூடக் ‘கோட்டை வீட்டார்’ என்று அச்சடித்தார்கள். ஊரார் சொல்வது மருமகக் கோட்டை. கல்யாணமாகி வந்த முதல் ஆடியிலேயே என்னை மேலே ஏற்றி, இந்தக் கதையைச் சொன்னார்கள். மேற்குச் சுவர் மட்டும் கட்டக் கட்ட விழுந்துகொண்டே இருந்ததாம். வீட்டிலிருந்து ஓர் உயிர் வேண்டும் என்று குறி வந்ததாம். பெரியவர் தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பூக் கேட்டாராம். ஒவ்வொருவருக்கும் கூடாதென்று சிவப்புப் பூவே வந்ததாம். அப்போது கொத்தனார்களுக்கு மோர் கொண்டுவந்த மூத்த மருமகள், மோர்ப்பானையை இறக்கிவைத்துவிட்டு, “நான் நிக்கறனுங்க மாமா” என்று சிரித்த முகமாகப் போய் நின்றாளாம். அவளை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பினார்களாம். அதன்பிறகு கோட்டை விழவே இல்லையாம். அவள்தான் இவர்கள் கும்பிடுகிற ‘அம்மா’.

புதுப் பெண்ணாகக் கேட்டபோது எனக்குக் கண்ணீர் வந்தது. அத்தை என் தாடையைத் தொட்டு முத்தமிட்டு, “என்ற மருமகளுக்கு எளகுன மனசு” என்றார்கள். அன்றைக்கே என்னை அளந்து வைத்துவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.


21 ஜூன், வெள்ளி

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.


7 ஜூலை, ஞாயிறு

எனக்குள் முடிவு செய்துவிட்டேன். கொடுத்துவிடலாம்.

எழுதிவைக்கிறேன், நாளைக்கு மனம் மாறினால் நானே படித்துப் பார்க்க. பயம் இருக்கிறது. கத்தி, மயக்க ஊசி எல்லாம் பயம். பிரசவத்துக்குப் பிறகு நான் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. ஆனால் என் அப்பா இறந்தபோது இந்த மனிதர் சத்தீஸ்கரிலிருந்து கிடைத்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். புழுதியோடு, மாற்றுச் சட்டை கூட இல்லாமல். சுடுகாடுவரை என் தம்பிக்குப் பக்கத்திலேயே நடந்தார். அந்த ஆளுக்குக் கொடுக்கலாம். பேச்சு வராத ஆள், கெட்ட ஆள் இல்லை.

ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ‘சத்யா, நீ குடுக்கறியா?’ அவ்வளவுதான். காலில் விழச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவளிடம் ‘வாரப்ப எனக்கொரு சவர பிளேடு வாங்கியா’ என்று கேட்கிறார் அல்லவா, அந்தக் குரலில் கேட்டாலே போதும்.

டயாலிசிஸ் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். “டாக்டர் சொன்னதப் பத்தி என்னுங்க நெனைக்கறீங்க?” “ம். பாக்கலாம்.” கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. இமை ஆடியது.


2 ஆகஸ்ட், வெள்ளி

கோட்டைக்குப் போய் வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

அவரைக் கரட்டடிவாரத்தில் புளிய மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஏற முடியாது. அத்தை மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு முன்னால் ஏறினார்கள். பொங்கல் பானை என் தலையில், சுவருக்குச் சாத்துகிற சேலை என் கையில், மூத்த மருமகள் என்பதால். பிரீத்தி தேங்காய்ப் பையோடும், அவள் மகள் மோனிஷா அவள் விரலைப் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். தீனன் கடைசியில். கனிஷ்காவுக்குப் பரீட்சை, வரவில்லை.

வாசலில் தொல்லியல் துறையின் நீலப் பலகை துருப்பிடித்து நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை. மருமகளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நாங்கள் போனபோது கல்லூரிப் பையன்கள் சிலர் மேற்குச் சுவர் முன்னால் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன், “ஆன்ட்டி, அந்தப் பொண்ண வெச்சுக் கட்டுனது கரெக்ட்டா எந்த எடங்க?” என்று என்னிடம் கேட்டான். கையில் சேலை இருந்ததால் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருப்பான்.

எத்தனையோ ஆடிக்கு ஏறியிருக்கிறேன். இன்றைக்குத்தான் அந்தச் சுவரை நின்று பார்த்தேன். அது விழுந்துதான் கிடக்கிறது! பாதிச் சுவர் சரிந்து, கல்லெல்லாம் கரட்டுச் சரிவில் உருண்டு, இடையில் ஊணான் கொடி மண்டிக் கிடக்கிறது. விளக்கு மாடம் இருக்கிற துண்டு மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் ‘கோட்டை விழவே இல்லை’ என்று சொல்லிவிட்டு வருகிறது.

பூசாரி கிடையாது. வீட்டில் மூத்த பெண்மணி செய்வதுதான் பூசை. பொங்கல் வைத்து, மாடத்தில் விளக்கேற்றி, நான் சேலையைக் கல்லில் சாத்தினேன். சாத்துகிறவள் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. ‘மனசோட நின்னா மகராசி.’ சொன்னேன். எப்போதும் போல.

பிறகு பூக் கேட்டார்கள். ஒரு பொட்டணத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. வாழையிலையில் மடித்து நாரால் கட்டியது, வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. அத்தை இரண்டையும் மாடத்தில் வைத்து, “தாயே, என்ற சின்ன மகன் அண்ணனுக்குக் குடுக்கலாமா, நீயே சொல்லு” என்று கும்பிட்டார்கள். மோனிஷாவை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். பிரீத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிரித்தார்கள். சிவப்பு.

தீனன் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “அம்மா உத்தரவு குடுக்கல. செரி, உடு. இனிச் சத்யாதான்.”

நான் சொன்னேன். “எனக்கும் பூக் கேளுங்க அத்தை.”

வேண்டாம் என்று வந்தால் தப்பிக்கலாம் என்றா கேட்டேன்? இல்லை. வெள்ளை வந்திருந்தாலும் சந்தோஷமாகத்தான் இறங்கியிருப்பேன். யாராவது ஒருத்தர், கல்லாவது, என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டுமே என்றுதான்.

அத்தை சிரித்தார்கள். கோபமே இல்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்கள். “மருமகளுக்குப் பூக் கேக்கற வழக்கமில்ல அம்மிணி. மகனுக்குத்தான் கேப்பாங்க. மருமக மனசோட நிக்கறவ. கேட்டா அது அவள அவமானம் பண்ணுன மாதிரி.”

எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். பானையைக் கழுவி எடுக்க நான் பின்தங்கினேன். மோனிஷா எடுக்காமல் விட்ட பொட்டணம் மாடத்திலேயே கிடந்தது. பிரித்தேன்.

அதிலும் சிவப்பு.

பொட்டணம் கட்டியது யாரென்று எனக்குத் தெரியும். காலையில் காரில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்சீட்டில், பிரீத்தியின் மடியில்.

பூவைச் சரிவில் வீசிவிட்டு இறங்கினேன். புளிய மரத்தடியில் அவர், “என்னாச்சு?” என்று தம்பியிடம் கேட்டார். “செவப்புங்கண்ணா.” “ஓ” என்றார். என் பக்கம் திரும்பி, “பொங்கல் எடுத்துட்டு வந்தியா? உப்பு போடலைல்ல?” என்றார். ஆக, கேட்டது அதுதான்.


3 ஆகஸ்ட், சனி

பள்ளிக்கூடம் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

யார் மேல கோவம் எனக்கு? பிரீத்தி மேலயா? அவ புருஷன அவ காப்பாத்திக்கிட்டா. அந்தக் கையி நடுங்காமக் கட்டுச்சே, அந்தத் தைரியம் எனக்கிருந்தா நானும் கட்டியிருப்பேன். நான் யாருக்காகக் கட்ட? எனக்காக எந்தப் பொட்டணம்?

அத்தையிடம் சொன்னால்? ‘குடுக்க மனசில்லாம சின்னவ மேல பழி போடறா’ என்பார்கள். அந்தப் பேச்சை நினைத்தாலே உடம்பு எரிகிறது.

அவளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். சுவருக்குள் நின்றவளை. சிரித்த முகமாக நின்றாள் என்று சொன்னது யார்? வெளியே நின்றவர்கள்தானே!


18 ஆகஸ்ட், ஞாயிறு

சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வந்தவண்ணம் இருக்கிறார்கள். ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஒருத்தர் சேலை கூட. எல்லோர் வாயிலும் ‘மகராசி’. நான் இன்னும் யாரிடமும் சரி என்று சொல்லவே இல்லை. அத்தை கூப்பிடுவதே மாறிவிட்டது, “சாமி, கொஞ்சம் உக்காரு, நெம்ப நேரம் நிக்காத” என்கிறார்கள். வண்டியை வேலைக்கு அனுப்புவதற்கு முன்னால் கிரீஸ் வைக்கிறார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அவளாவது. “ஊட்டுக்காரருக்குத்தான சாமி. ஊர்ல உன்னப் பத்தித்தான் பெருமையாப் பேசிக்கறாங்க” என்றாள். கனிஷ்கா, “நீ ரெஸ்ட் எடும்மா, அந்த ஒரு மாசம் நான் சமைச்சுக்கறேன்” என்கிறாள். என் மகள். அவளுக்கும் சந்தேகமே வரவில்லை.

சாயங்காலம் அவர் வாசலில் ரிக் மேனேஜரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமாப்பா, சத்யாவோடதுதான் வெக்கறோம். தை மாசத்துக்குள்ள நான் சைட்டுக்கு வந்துருவேன்.”

சத்யாவோடதுதான் வெக்கறோம். போன வருடம் கம்ப்ரசர் பழுதானபோதும் இதே குரல்தான். அன்றைக்காவது மெக்கானிக்கிடம் விலை, தரம் எல்லாம் கேட்டார்.


9 செப்டம்பர், திங்கள்

ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன். என் சிறுநீரகங்கள் அருமையாக இருக்கின்றனவாம். டாக்டர் அவரிடம் சொன்னார், அவர் அத்தையிடம் சொன்னார். என்னிடம் சொன்னது ஸ்கேன் எடுத்த பெண்.


26 செப்டம்பர், வியாழன்

ஆஸ்பத்திரியில் கொடுப்பவர்களோடு தனியாகப் பேச ஓர் அம்மா இருக்கிறார்கள். பெயர் கயல்விழி. என் வீட்டுக்காரரையும் அத்தையையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அத்தைக்கு அதுவே பிடிக்கவில்லை.

சின்ன அறை. மேசை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு சிறுநீரகப் பொம்மை. அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. “உங்க வீட்டுக்காரருக்குக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா? யாரும் கட்டாயப்படுத்தலையே? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்ல. மருத்துவப்படி ஒத்துவரலைன்னு மட்டும் வெளிய சொல்லுவோம். நீங்க சொன்னது இந்த ரூமைத் தாண்டாது.”

வாயைத் திறந்தேன். ‘செரிங்க’ என்று சொல்லத்தான் திறந்தேன். சத்தியமாக. ஜூலையிலேயே முடிவு செய்தவள்.

அழுகைதான் வந்தது. மூக்கொழுக, அசிங்கமாக. அந்த அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தார்கள். “யாருமே என்னக் கேக்கலீங்க” என்றேன். “நான் கேக்கறேங்க” என்றார்கள்.

“எனக்கு விருப்பமில்லீங்க.”

என் குரல்தானா அது என்று எனக்கே தெரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். இரண்டாம் முறை குரல் நன்றாகவே வந்தது.


27 செப்டம்பர், வெள்ளி

சொல்லிவிட்டார்கள். ஒத்துவராதாம்.

அவர் “செரி” என்றார். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்” என்றார்கள். பிரீத்தியின் முகம் வெளுத்துவிட்டது.


15 அக்டோபர், செவ்வாய்

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. நேற்றுச் சாயங்காலம் மூச்சு விட முடியாமல் சட்டைப் பொத்தானைப் பிய்த்தார். தீவிர சிகிச்சையில் இருக்கிறார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் கால் மட்டும் தெரிகிறது.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? ஒரு கேள்விக்காக ஒரு மனிதனைக் கொல்கிறேனா? கோவத்துல பேசுன வார்த்தை ஆள முடிச்சுருமா? சுவரு விழுந்தா விழட்டும்னு நெனைக்கறது வேற, அது கண்ணு முன்னால விழறதப் பாக்கறது வேற.

கயல்விழி அம்மாவின் நம்பரை எடுத்தேன். ஒலித்தது, எடுப்பதற்குள் துண்டித்துவிட்டேன். என்ன சொல்வேன்? ‘இப்ப ஒத்துவருதுங்க’ என்றா?

அவர் பிழைத்து எழுந்து உட்காரட்டும். அப்போது சொல்லிவிடுகிறேன். கேட்காவிட்டாலும் போகிறது. இவரிடம் போய் ரோஷம் பார்க்கிறேனே.


18 அக்டோபர், வெள்ளி

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சி குடித்தார். கயல்விழி அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். செருப்பைக் கூடப் போட்டுவிட்டேன். அப்போது அத்தை வந்து சேர்ந்தார்கள். நெற்றி நிறைய விபூதி, பாதத்தில் செம்மண்.

காலையில் மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு கோட்டை ஏறியிருக்கிறார்கள், அந்த மூட்டுவலியோடு. ஆடியில்லை, வெள்ளியென்று மட்டும் பார்த்து. தீனனுக்கு மறுபடியும் பூக் கேட்டிருக்கிறார்கள்.

“வெள்ளை வந்துருச்சு சாமி!” என்று பெரிய மகனின் தலையைத் தடவினார்கள். “அம்மா மனசு எறங்கிட்டா.”

“பொட்டணம் யாருங்க அத்தை கட்டுனது?” என்று கேட்டேன்.

“நான்தான். வேற யாரு கட்டறது?”

கூட வந்த தீனன் சுவரில் சாய்ந்து நின்றார். பெற்ற தாயும் மலை மேல் நின்ற தாயும் சேர்ந்து சொன்ன பிறகு அவர் எங்கே போவார்? “செரிங்கம்மா” என்றார். அவரையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லிப் பூவையாவது கேட்டார்கள், இரண்டு தடவை.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். நான் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. இப்போதும் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.


6 டிசம்பர், வெள்ளி

அறுவை சிகிச்சை முடிந்தது. இரண்டு பேரும் நலம். அவருக்குச் சிறுநீர் பிரிந்ததென்று செவிலிப்பெண் வந்து சொன்னபோது, அத்தை அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம். யாரும் நம்பாவிட்டாலும் சந்தோஷம்.

தீனனுக்குத்தான் வலி அதிகம். முனகல் வெளி நடைவரை கேட்டது. பிரீத்தியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி கேட்டாள். “அக்கா, உங்களுக்கு நெசமாலுமே ஒத்துவரலீங்களா?”

நான் கேட்டேன். “ஆடியில நீ கட்டுனயே பிரீத்தி, அந்த இன்னொரு பொட்டணம். அதுல என்ன பூ?”

“செவப்புத்தானுங்க” என்றாள். “ரெண்டாந்தடவ அத்தை கட்டுனதுல ரெண்டும் வெள்ளைங்கக்கா. மோனிஷா மிச்சப் பொட்டணத்த வெளையாட ஊட்டுக்குக் கொண்டாந்துட்டா. பிரிச்சுப் பாத்தேன்.”

“சொல்லலையா?”

“நான் என்னன்னுங்கக்கா சொல்றது?”

அவள் பிளாஸ்க்கைத் திறந்து காபியை மூடியில் ஊற்றி எனக்குக் கொடுத்தாள். அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் எனக்கு இருக்கிற ஒரே உறவு அவள்தான் என்று தோன்றியது. அவள் புருஷனின் உடம்பில் இருக்கிற தையல் என்னால் விழுந்தது.


20 பிப்ரவரி 2025, வியாழன்

அவர் சொம்பு நிறையத் தண்ணீர் குடிக்கிறார். கழுத்தில் வழிய வழிய. பார்க்க நன்றாக இருக்கிறது.

அத்தை என்னைச் ‘சாமி’ என்பதை விட்டுவிட்டார்கள். அது பிரீத்திக்குப் போய்விட்டது. பிரீத்தி அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஏதாவது வேலை பார்க்கப் போகிறாள்.


1 ஆகஸ்ட் 2025, வெள்ளி

மூன்றாம் வெள்ளி. கோட்டை.

கிளம்பும்போதே அத்தை சேலையை எடுத்து பிரீத்தி கையில் கொடுத்தார்கள். “இந்த வருசத்துலருந்து நீ சாத்து சாமி. குடுத்த ஊட்டுக்காரி நீதான்.” மூத்தவள் நான் நிற்கிறேன். பிரீத்தி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகுதான் வாங்கினாள். நான் ஏறப்போவதில்லை, தீனனும் இனிப் பாரம் தூக்கக் கூடாது, அதனால் பொங்கல் பானையும் அவள் தலையில்.

என்னை அவருக்குத் துணையாகப் புளிய மரத்தடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் இப்போது ஏறுவார், ஆனால் வெயிலில் வேண்டாம் என்று அத்தையின் உத்தரவு. அவர்கள் நால்வரும் ஏறுவதைக் கீழேயிருந்து பார்த்தேன். பிரீத்தி நடுவில் ஒருமுறை நின்று பானையைச் சரி செய்துகொண்டாள். மேற்குச் சுவரும் இங்கிருந்து தெரிகிறது. போன மழையில் இன்னும் கொஞ்சம் சரிந்திருக்கிறது.

அவர் நன்றாக இருக்கிறார். முகத்தில் சதை போட்டிருக்கிறது. அடுத்த மாதம் சைட்டுக்குப் போகப்போகிறார். புளியம்பழ ஓடு ஒன்றைக் காலால் நசுக்கிக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்.

“ஏம்புள்ள, ஒத்துவந்திருந்தா நீ குடுத்திருப்பதான?”

ஒரு வருடத்துக்கு மேல் நான் காத்திருந்த கேள்வி. காருக்குள், டயாலிசிஸ் கட்டில் பக்கத்தில், இதே மரத்தடியில். சவர பிளேடு வாங்கி வரச் சொல்கிற அதே குரலில் கேட்டார். ஜூலையில் நான் ஆசைப்பட்டது போலவே.

“நீங்க கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனுங்க” என்றேன்.

அவர் சிரித்தார். மனசு விட்டு, பாசமாகத்தான் சிரித்தார். “ஊட்டுல இருக்கறவகிட்டப் போயி இதையெல்லாமா கேப்பாங்க?”

பிறகு தண்ணீர் வேண்டும் என்று கையை நீட்டினார். பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். முழுவதையும் குடித்தார்.